நாமகிரித் தாயாரும் ஒரு பகா எண்ணும்

கும்பகோணம் ராமானுஜனைப் பற்றித் தமிழில் இரண்டு கதையாடல்கள் புழங்குகின்றன. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்பது ஒன்று. மற்றது நம்முடையது: அக்ரகாரம் தன் பிள்ளையைத் தெய்வமாக்கிக்கொண்டது, அதே காவிரிக் கரையில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டவில்லை என்பது. நம் விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு பேருமே ஆளோடு நின்றுவிடுகிறோம். பிரதியை யாரும் தொடுவதில்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம்: 80561663527802406257321747. 26 இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது.

1916இல் வெளியான கட்டுரையில் ராமானுஜன் டௌ என்கிற சார்பை ஆராய்ந்தார். 1, 2, 3 என்று கொடுத்தால் அது 1, -24, 252 என்று திருப்பித் தரும். மைனஸ் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த வரிசையில் பகா எண் எப்போது வரும்? 1965இல் அமெரிக்கக் கணித அறிஞர் டி. எச். லேமர் விடை சொன்னார்: முதல் தடவை 63001இல், அதாவது 251இன் வர்க்கத்தில். வருவது மேலே உள்ள எண், மைனஸ் குறியோடு.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒற்றைப்படை வர்க்க எண்களில் மட்டுமே டௌ ஒற்றைப்படையாகும். மற்ற இடமெல்லாம் 2 நுழைந்துவிடுகிறது. தவிர, பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் டௌக்களும் பெருகும். இதை ராமானுஜன் ஊகித்தார், மோர்டெல் 1917இல் நிறுவினார். தேடும் இடம் இப்படித்தான் சுருங்குகிறது.

ராமானுஜன் கண்ட இன்னொன்று: ஓர் எண்ணின் வகுத்திகளை 11ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் டௌவும் 691ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும். தமிழ் எம்.ஏ. படித்த நானே 63001க்குக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கூட்டுத்தொகையின் மீதி 206. 26 இலக்க எண்ணின் மீதி 485. மைனஸ் என்பதால் 691இலிருந்து கழித்தால் அதுவும் 206. எண் பகா எண்தான் என்பதை இது நிறுவிவிடாது. ஆனால் சரிபார்க்க யாருடைய அருளும் சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை.

அருள் பிழையைத் தடுக்கவுமில்லை. 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ராமானுஜன் கொடுத்த சூத்திரம் அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமானதல்ல. ஜீட்டா சார்பின் சிக்கலெண் பூச்சியங்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் பார்த்தது கணக்கை, கனவை அல்ல.

தஞ்சைக்கு இது அந்நியமான விஷயமா? மரக்கால் மிராசுதார் கையில் இருந்த மண் இது. அளந்து போட்ட கூலி சரிதானா என்று கேட்பதே குற்றமாயிருந்தது. கூலி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவில்தான் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். சரிபார்க்கும் உரிமை என்பது அரசியல். கணிதத்தை அக்ரகாரத்தின் புனிதக் கதையாக விட்டுவைப்பதும், அந்தக் கதையைக் கிழித்ததோடு திருப்திப்படுவதும் அந்த உரிமையைக் கைகழுவுவதுதான்.

டௌ எங்காவது பூச்சியமாகுமா என்ற கேள்வியை லேமர் 1947இல் எழுப்பினார். ஆகாது என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை மாதிரி ராமானுஜன் கதையைச் சொல்வதற்குப் பதில் இந்தக் கேள்வியைக் கொடுக்கலாம்.