பெட்ரோல் கெட்டுப்போகும்

பேரழிவுக்குப் பிந்தைய புனைவு என்று பேச்சு எடுத்தால் இப்போது எல்லோர் வாயிலும் ஒரே வாசகம்: அது தொழில்நுட்பத்துக்கு எதிரான இலக்கியம். இயந்திரத்தை நம்பியவன் அழிந்தான், மிஞ்சியவன் காட்டுக்கும் மண்ணுக்கும் திரும்பினான், இந்த வகைமை சொல்வது அவ்வளவுதான் என்கிறார்கள். முன்னுரைகளில் எழுதுகிறார்கள், கருத்தரங்குகளில் வாசிக்கிறார்கள், சூழலியல் விமர்சனம் என்று கௌரவமான பெயரும் சூட்டியாகிவிட்டது. இதை நம்பிப் படிப்பவர் இந்த வகைமையின் நல்ல நாவல்களில் பாதிப் பக்கங்களைப் புரட்டித் தள்ள வேண்டியிருக்கும். அந்தப் பக்கங்களில் பாட்டரி இறங்குகிறது, டயர் வெடிக்கிறது, தெருவிளக்கு மங்குகிறது, குழாயில் தண்ணீர் நிற்கிறது. இவற்றை இத்தனை அக்கறையோடு எழுதிய இலக்கியம் வேறு உண்டா? யதார்த்த நாவலில் நாயகன் பஸ் ஏறுவான், இறங்குவான். அந்த பஸ்ஸுக்குக் கிளட்ச் பிளேட் மாற்றியது யார் என்று ஆசிரியரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டது இந்தக் கதைகள்தான்.

தொடக்க காலத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. மேரி ஷெல்லியின் 'தி லாஸ்ட் மேன்' (1826) இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. பயணமோ குதிரையிலும் பாய்மரக் கப்பலிலும், அதிகம் போனால் இறகு கட்டிய ஒரு பலூனிலும். ரிச்சர்ட் ஜெஃப்ரிஸின் 'ஆஃப்டர் லண்டன்' (1885) இங்கிலாந்தைக் காடாக்கி, நடுவே ஒரு பெரிய ஏரியை வைத்து, நாயகனை மரம் குடைந்து ஓடம் செய்ய விடுகிறது. இயற்கைக்குத் திரும்பும் கனவை ஒளிக்காமல் கண்டவர் ஜெஃப்ரிஸ்; மேற்படி வாசகம் அவருக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. எம்.பி. ஷீலின் 'தி பர்ப்பிள் க்ளவுட்' (1901) நாயகன் ஆளில்லாத உலகில் தானே ரயிலையும் கப்பலையும் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கொளுத்துகிறான். செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளையின் கனவு அது. இந்த நூற்றாண்டின் சினிமாவுக்கும் அதுதான் கனவு.

இ.எம். ஃபார்ஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' (1909) கதையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இயந்திர எதிர்ப்புக்கு முதல் சாட்சியாக. அதில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தைப் பழுது பார்க்கவென்றே ஒரு கருவி இருக்கிறது. இசையில் குறை, படுக்கையில் குறை என்று ஜனங்கள் அதனிடம்தான் முறையிடுகிறார்கள். பழுது பார்க்கும் அந்தக் கருவியே பழுதாகிவிடுகிறது. அதைச் சரி செய்யத் தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. ஃபார்ஸ்டரின் புகார் இயந்திரத்தின் மேலா, மராமத்து மறந்த மனிதர்கள் மேலா?

ஜாக் லண்டன் மூன்று வருடம் கழித்து 'தி ஸ்கார்லெட் பிளேக்'கைத் தொடங்கிய விதம் இன்னும் அழகு. தோல் உடுத்திய கிழவரும் பேரனும் ஒருவர் பின் ஒருவராக ஒரு பழைய ரயில் மேட்டில் நடக்கிறார்கள். ஓரிடத்தில் தண்டவாளத்தின் இணைப்பைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரம், தண்டவாளத்தின் நுனியைத் தன்னோடு மேலே தூக்கி வைத்திருக்கிறது. அது ஒற்றைத் தண்டவாள ரயில் என்பதையும் லண்டன் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். வாசகனுக்கு இன்னும் பரவலாகாத தொழில்நுட்பம், கதையில் ஏற்கெனவே துருப்பிடித்துக் கிடக்கிறது.

இந்த வகைமை வயதுக்கு வந்தது 1949க்கும் 1960க்கும் இடையில் என்பது என் துணிபு. அணுகுண்டு பயந்தான் காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் எழுதிய முக்கியமானவர்கள் இயந்திரத்தோடு புழங்கியவர்கள் என்பது மறு பாதி.

ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட் சாலைப் பித்தர். அன்று அமெரிக்காவைக் குறுக்கே கடந்த 40ஆம் எண் நெடுஞ்சாலையைப் பற்றி 1953இல் தனிப் புத்தகமே போட்டவர். அதற்கு நான்கு வருடம் முன்பு வந்தது 'எர்த் அபைட்ஸ்'. மலையில் பாம்பு கடித்துப் படுத்திருந்த இஷ் என்ற இளைஞன் ஊருக்கு இறங்கி வருகிறான். கொள்ளைநோயில் ஜனங்கள் போய்விட்டார்கள். ஒரு காரை எடுத்துக்கொண்டு நியூயார்க் வரை போய்த் திரும்புகிறான். வேறு எழுத்தாளராக இருந்தால் அந்தப் பயணமே நாவலாகியிருக்கும். ஸ்டூவர்ட்டுக்கு அது முன்னுரை. அவருக்கு வேண்டியது அதற்குப் பிந்தைய வருடங்கள். மனிதர் கை படாமலே நீர்மின் நிலையம் ஓடிக்கொண்டிருப்பதால் தெருவிளக்குகள் கொஞ்ச காலம் எரிகின்றன. ஒருநாள் மங்கி, மஞ்சளாகி, அணைகின்றன. குழாய்த் தண்ணீர் மட்டும் இருபது வருடத்துக்கு மேலும் வந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நின்ற பிறகுதான் பார்க்கிறார்கள். கார்களும் அப்படியே. முதலில் கடையிலிருந்து புது பாட்டரி, புது டயர், பிறகு ஒப்பேற்றல், பிறகு நாய் பூட்டிய வண்டி. காசு எதற்கும் உதவாமல் போனதால் பிள்ளைகள் அதைத் தட்டி அம்பு முனை செய்கிறார்கள்.

இஷ் படித்தவன். பல்கலைக்கழக நூலகத்தைக் கோயிலாகப் பாவித்து, ஒரு நாள் எல்லாவற்றையும் மீட்டெடுப்போம் என்று நினைத்துக்கொண்டே வயதாகிறான். ஒரு வால்வைக்கூட அவன் சரி செய்வதில்லை. கடைசியில் அவன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்து நிலைத்தது வில் ஒன்றுதான். இதை இயற்கையின் வெற்றி என்று வாசிப்பவர்கள் நாவலின் வேதனையைத் தவறவிடுகிறார்கள். சோம்பலைப் பற்றி எழுதப்பட்ட மகத்தான நாவல் இது.

நெவில் ஷூட் விமானப் பொறியாளர். 1931இல் விமான நிறுவனம் ஒன்றைச் சேர்ந்து தொடங்கியவர். 'ஆன் த பீச்' (1957) மெல்போர்னில் நடக்கிறது. வடக்கே எல்லாம் முடிந்துவிட்டது, கதிர்வீச்சு மெல்லத் தெற்கே வருகிறது. இறக்குமதி எண்ணெய் நின்றதால் கார்கள் ஷெட்டில்; கடற்படை அதிகாரி சைக்கிளில் போகிறார், பண்ணைவீட்டுப் பெண் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறாள். மின்சார ரயில் ஓடுகிறது, ஏனென்றால் விக்டோரியாவின் பழுப்பு நிலக்கரி உள்ளூர்ச் சரக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் பார்த்து எழுதிய நாவல் அது. சியாட்டில் பக்கத்திலிருந்து வரும் புரியாத வானொலிச் சமிக்ஞையைத் தேடி ஒரு நீர்மூழ்கிக் கப்பல் பசிபிக்கைக் கடந்து போகிறது. காற்றில் ஆடும் ஜன்னல் சட்டம் ஒன்று தந்திச் சாவியை அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. பதுக்கிய பெட்ரோலெல்லாம் முடிவு நெருங்கியதும் வெளியே வந்து கார்ப் பந்தயமாகிறது. அதில் ஜெயித்த விஞ்ஞானி, தன் ஃபெராரி பல வருடம் கெடாமல் நிற்க வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்துவிட்டு, அதில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொள்கிறான். ஷூட்டின் உரைநடை தட்டையானது என்பார்கள். ஆம், தட்டைதான். அந்தக் காட்சிக்கு வேறு எந்த உரைநடையும் ஆகாது.

வால்டர் எம். மில்லர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். மோன்ட்டே கசீனோ மடாலயத்தின் மேல் குண்டு போட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. 'அ காண்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' (1960) அந்தப் பாவத்திலிருந்து பிறந்தது. பாலைவன மடம் ஒன்றில் துறவி ஒருவர் பழைய மின்சுற்று வரைபடத்தைப் புனிதப் பொருளாகக் கருதி வருடக்கணக்கில் பொன் முலாம் தீட்டிப் பிரதி எடுக்கிறார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. புது ரோமுக்குக் கழுதையில் போகும் வழியில் கொள்ளையன் அழகான பிரதியைப் பிடுங்கிக்கொண்டு, மங்கலான மூலத்தை விட்டுவிடுகிறான். நூற்றாண்டுகள் கழித்து அதே மடத்தில் துறவிகள் மூச்சிரைக்கச் சக்கரத்தை மிதித்து டைனமோவைச் சுழற்ற, நூலகத்தில் ஒரு விளக்கு எரிகிறது. நூலகப் பொறுப்பாளருக்கு எரிச்சல். இன்னும் சில நூற்றாண்டு போனால் மடாதிபதி மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒன்றோடு மல்லுக்கட்டுகிறார். அறிவைக் காப்பவனும் அதைப் பயன்படுத்துபவனும் வேறு வேறு ஆட்கள் என்ற சங்கடம் இவ்வளவு சிரிப்போடு வேறெங்கும் எழுதப்படவில்லை.

லீ பிராக்கெட்டின் 'தி லாங் டுமாரோ' (1955) இந்த வரிசையில் சேர வேண்டியது. நகரங்களைச் சட்டம் போட்டுத் தடுத்த அமெரிக்காவில் ஒரு சிறுவன் ரேடியோப் பெட்டிக்கு ஏங்கும் கதை. அது பேசப்படாமல் போனதற்கு எழுதியவர் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு வந்தது கார்.

1973 எண்ணெய் நெருக்கடியில் ஆஸ்திரேலியப் பெட்ரோல் பங்குகளில் நடந்த கைகலப்பு 'மேட் மேக்ஸ்' (1979) படத்துக்குத் தூண்டுதல் என்று அதன் திரைக்கதையில் பங்கெடுத்த ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட் எழுதியிருக்கிறார். தூண்டுதல் அசலானது. இரண்டாம் படத்தில் (1981) நொறுங்கிய வண்டியிலிருந்து ஒழுகும் பெட்ரோலை மேக்ஸ் அவசரமாகப் பாத்திரத்தில் பிடிக்கும் காட்சியை மறக்க முடியாது. மூன்றாவதில் பன்றிச் சாணத்திலிருந்து மீத்தேன் எடுக்கிறார்கள். இயக்குநர் ஜார்ஜ் மில்லருக்கு எரிபொருளின் அருமை தெரியும். அவரைப் பார்த்து எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது வி8 எஞ்சினின் உறுமலையும் தோல் ஜாக்கெட்டையும். நாற்பது வருடமாக வீடியோ கேமிலும் தொடரிலும் மூன்றாந்தர நாவலிலும் யாரோ ஒருவன் பாலைவனத்தில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான், டாங்க் காலியாவதே இல்லை. 'தி வாக்கிங் டெட்' தொடரில் உலகம் முடிந்து எத்தனையோ பருவங்கள் கார் ஓடியது. குதிரைக்கு வர அவர்களுக்கு அத்தனை நாள் பிடித்தது.

பெட்ரோல் கெட்டுப்போகும். லேசான பகுதிகள் ஆவியாகிவிடும், மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் இழுக்கும். ஓரிரு வருடம் தாண்டினால் நம்ப முடியாது. சும்மா நிற்கும் பாட்டரித் தகட்டில் சல்பேட் படியும். ஓடாத டயரும் வெடிக்கும். இது வேதியியல் குறும்பு என்று சிரிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தனி ஒருவனின் கார் ஓட வேண்டுமென்றால் சுத்திகரிப்பு ஆலையும் ரப்பர்த் தோட்டமும் சாலைப் பணியாளர்களும் வேண்டும். அவர்களை அழித்துவிட்டு காரை மட்டும் வைத்துக்கொள்வது அரசியல் பொய். ஷீலின் கெட்ட பிள்ளை திரும்ப வந்துவிட்டது.

கோர்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) அந்தப் பிள்ளைக்குச் சரியான மறுமொழி. கார் இல்லை, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி, அதன் கைப்பிடியில் பின்னால் வருபவர்களைப் பார்க்க மோட்டார் சைக்கிள் கண்ணாடி. பெட்ரோல் பங்கில் வீசப்பட்ட எண்ணெய் பாட்டில்களின் அடிவண்டலை வடித்து மகனுக்கு விளக்கேற்ற எடுத்துக்கொள்கிறான் அப்பா. பிரமாதமான பக்கம். ஆனாலும் மெக்கார்த்தியின் உலகில் யாரும் எதையும் செய்வதில்லை; பழைய உலகின் மிச்சத்தைத் தின்கிறார்கள், இல்லையென்றால் ஒருவரை ஒருவர். எமிலி செயின்ட் ஜான் மாண்டலின் 'ஸ்டேஷன் லெவன்' (2014) கருணை கூடியது. எஞ்சினைக் கழற்றிய பிக்கப் வண்டிகளைக் குதிரை இழுக்க, நாடகக் குழு ஊர் ஊராகப் போகிறது. பெட்ரோலுக்கு ஆயுள் உண்டு என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியர் மேல் காட்டும் பக்தியில் கால்பங்கைக் குதிரைக்கு லாடம் அடிப்பவர் மேல் காட்டியிருக்கலாம். பாங் ஜூன்-ஹோவின் 'ஸ்னோபியர்சர்' (2013) ஒரே காட்சியில் எல்லோரையும் தாண்டிவிடுகிறது: நிற்காத ரயிலின் எஞ்சினில் ஒரு பாகம் தேய்ந்துபோய், மாற்று கிடைக்காததால், கடைசிப் பெட்டிக் குழந்தையை உள்ளே குந்தவைத்து அந்த வேலையைக் கையால் செய்ய வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்லவந்த படைப்புக்கு முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். ஆக்டேவியா பட்லரின் 'ஸ்பீச் சவுண்ட்ஸ்' 1983இல் வந்த சிறுகதை, மறுவருடம் ஹியூகோ விருது பெற்றது. பட்லரைப் பற்றி எழுதுபவர்கள் 'பாரபிள் ஆஃப் த சோவர்' (1993) நாவலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் பெரிய படைப்புத்தான். கார்களுக்காகப் போட்ட கலிஃபோர்னிய நெடுஞ்சாலையில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே நடந்துபோகும் காட்சிகள் இப்போது செய்தி போலத் தெரிகின்றன. ஆனால் சிறுகதை அதைவிடக் கூர்மை. பட்லர் கார் ஓட்டியதில்லை, லாஸ் ஏஞ்சலஸில் பஸ்ஸிலேயே போய்வந்தவர். பஸ்ஸில் கண்ட ரத்தக் களரியான சண்டை ஒன்றிலிருந்து இந்தக் கதை பிறந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

நோய் ஒன்று மனிதர்களின் பேச்சையும் எழுத்தையும் தின்றுவிட்டது. சிலருக்குப் பேச்சு போயிற்று, சிலருக்கு வாசிப்பு. அரசாங்கம் இல்லை. இருந்தும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பஸ் ஓடுகிறது. ஓட்டுபவர்தான் சொந்தக்காரர். கட்டணமாக எதை வாங்குவார் என்பதற்குப் பத்திரிகைப் படங்களை வெட்டி பஸ்ஸின் பக்கங்களில் ஒட்டி வைத்திருக்கிறார், பயணிகளுக்கு எழுத்துப் படிக்க வராதே! அப்படிக் கிடைத்ததை வைத்துக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறார், மிச்சத்தைப் பண்டமாற்றுகிறார். உள்ளே இருவருக்குச் சண்டை மூள, ஓட்டுநர் பேச முடியாததால் பிரேக்கை மிதித்து அவர்களைப் பிரிக்கப் பார்க்கிறார்.

தனிக்காரும் அந்தக் கதையில் வருகிறது. போலீஸ் சீருடையில் ஒருவன் அதில் வந்து இறங்கி, பஸ்ஸுக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டை எறிந்து சண்டையை முடிக்கிறான். அவன் நல்லவன்தான், ஆனாலும் மற்றவர்கள் இருமிக்கொண்டு இறங்க, வண்டிக்காரர் கோபத்தில் பல்லைக் கடிக்கிறார். சேதமானது அவருடைய பிழைப்பு. அந்தக் கோபத்துக்குக் கதைக்குள் இடம் கொடுத்து எழுதியவர் பட்லர் ஒருவரே. சொல் செத்த ஊரிலும் பத்துப் பேரை ஏற்றி இறக்க ஒருவர் வழி கண்டுபிடித்திருக்கிறார், அதற்குக் கட்டண அட்டவணையும் போட்டிருக்கிறார். தொழில்நுட்பம் என்று நான் சொல்வது இதைத்தான். மேக்ஸின் காரை வைத்து இந்த வகைமையை அளப்பவர்கள் அந்தப் பெயர் தெரியாத பஸ்காரரை வைத்து அளந்து பார்க்கட்டும். முக்கால்வாசி பெயர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், ஸ்டூவர்ட்டும் ஷூட்டும் பிராக்கெட்டும் நிற்பார்கள்.

'ஸ்பீச் சவுண்ட்ஸ்' பட்லரின் 'பிளட்சைல்ட்' தொகுப்பில் இருக்கிறது. சின்னக் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அடுத்த மேட் மேக்ஸ் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.