இரட்டையரில் ஒருவர்

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில், ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுள் எவருடைய முகம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டுச் சுவரில் ஏறத் தகும், எவருடையது தகாது என்பதைக் குறித்து, ஆட்டமே இல்லாத குளிர்கால மாதங்களில் அமெரிக்க ரசிகர்கள் நடத்தும் வாதப் பிரதிவாதத்தை, அந்த ஆட்டத்துக்கு நிகரான ஒரு கலையென்றே நான் மதிக்கிறேன். சாமான்ய ரசிகன் கண்ணெதிரே நடப்பதைக் கண்டு ஆரவாரிக்கிறான். இவ்விவாதத்தில் இறங்குபவனோ, இருபது ஆண்டுகளுக்கு முன் கண்ட ஒரு கைவீச்சை நினைவிலிருந்து மீட்டு, அதன் அருமையைப் பிறர் ஒப்பும்படி எடுத்துரைக்கக் கடமைப்பட்டவனாகிறான்.

பத்துப் பருவங்களாவது ஆடி, ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழிந்தவர்களின் பெயர்களைப் பத்திரிகை எழுத்தாளர்கள் பரிசீலித்து வாக்களிக்கிறார்கள். நூற்றுக்கு 75 பேர் ஒப்பினால் மண்டபத்தில் இடமுண்டு, ஐந்து பேர் கூட ஒப்பாவிட்டால் பெயரே பட்டியலிலிருந்து நீங்கிவிடும். மூவாயிரம் ஹிட், ஐந்நூறு ஹோம் ரன் என்று சில எண்களை வாயிற்காப்போராக வழக்கம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆயினும் ஸாண்டி கூஃபாக்ஸ் என்ற இடக்கைப் பந்தெறிபவர், முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் விலகியபோது 165 வெற்றிகளே பெற்றிருந்தும், 1972இல், தம் 36ஆம் வயதில், மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்; அவருடைய கடைசிப் பருவங்களின் சிகரத்தைக் கண்டவர்களுக்குக் கூட்டல் கணக்கு தேவைப்படவில்லை. பீட் ரோஸ், பாரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரர்களுள் முன்னவரின் சூதாட்டமும் பின்னவர்மீது விழுந்த ஊக்கமருந்துச் சந்தேகமும் ஒழுக்கத்தின் வழக்குகள், ரசனையின் வழக்குகள் அல்ல. ஆதலால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். என் மனத்தை நெடுநாளாக வருத்துவது லூ விட்டேகரின் விஷயம்.

1977 செப்டம்பர் 9ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க்கில், டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காக இரண்டு இளைஞர்கள் ஒரே ஆட்டத்தில் அரங்கேறினார்கள். இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவர் ஆலன் ட்ரம்மல். இரண்டாம் பேஸைக் காத்தவர் விட்டேகர். அன்று தொடங்கி 1995 வரை, 1,900க்கும் மேற்பட்ட ஆட்டங்களில், அவ்விருவரும் அருகருகே நின்றார்கள். ஒரே பந்தில் எதிரணியார் இருவரை வெளியேற்றும், அவர்கள் சேர்ந்து நிகழ்த்திய டபுள் பிளேயைப் பழைய படச்சுருள்களில் பார்க்கும்தோறும் எனக்கு இரட்டை நாயனக்காரர்களின் நினைவே வருகிறது. முதல் பேஸில் எதிரணியார் ஒருவர் நிற்க, மட்டையில் பட்ட பந்து தரையோடு துள்ளி ட்ரம்மலிடம் வருகிறது என்று கொள்வோம். அவர் அதை எடுத்து, விட்டேகர் இருக்கும் இடத்துக்கு அன்று, விட்டேகர் வந்து சேரப்போகும் இடத்துக்கு எறிகிறார். விட்டேகரோ முதல் பேஸுக்கு முதுகு காட்டி ஓடிவந்து, பந்தைப் பெற்று, பேஸைக் காலால் தீண்டி, தம் கால்களை இடறிவிடவே சறுக்கி வருகிறவனைத் தாண்டி எழும்பி, உடலை அந்தரத்தில் திருப்பி முதல் பேஸுக்குப் பந்தை விடுகிறார். கையுறையில் பந்து தங்கியதா என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. அவசரத்தின் சாயல் கூட இல்லாத அந்த நிதானமே விட்டேகருடைய ஆட்டத்தின் ஜீவன்.

மட்டையிலும் அவர் குறைந்தவர் அல்லர். ட்ரம்மலுக்கு 2,365 ஹிட்கள், விட்டேகருக்கு 2,369. ட்ரம்மலுக்கு 185 ஹோம் ரன்கள், விட்டேகருக்கு 244. தீய பந்தைத் தொடாமல் விடும் பொறுமையால் 1,197 முறை முதல் பேஸுக்கு நடந்தே சென்றார். 1978இல் சிறந்த புதுமுகம் என்ற விருதும், பிறகு மூன்று முறை தங்கக் கையுறை விருதும் பெற்றார். 1984இல் இருவரும் சேர்ந்தே உலகத் தொடரை வென்றார்கள். அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரராக ட்ரம்மல் தேர்வானார். பெரிய மேடையில் கிடைத்த அந்த ஒரு பெருமையும், பேச்சிலும் பிரகடனத்திலும் நாட்டமில்லாத விட்டேகரின் சுபாவமும், எந்த ஓர் ஆண்டிலும் உச்சத்தைத் தொடாமல் பதினெட்டு ஆண்டுகளும் சமநிலையாக உயர்ந்து நின்ற அவருடைய ஆட்டத்தின் இயல்புமே, எழுத்தாளர்களின் கண்ணை அவர்மீது படாமற் செய்தன என்பது என் அபிப்பிராயம்.

2001இல் அவர் பெயர் முதன்முதலாக வாக்குக்கு வந்தபோது, 515 பேரில் 15 பேரே குறியிட்டார்கள்; அவ்வோர் ஆண்டோடு பட்டியலிலிருந்து அது நீங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் எழுத்தாளர்களின் பட்டியலில் இருந்தும் தேறாத ட்ரம்மலை, அவர்கள் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களை மறுபரிசீலனை செய்யும் பதினாறு பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்து, 2018இல் மண்டபத்தில் அமர்த்தியது. அது நியாயமே, அதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் பந்தை எறிந்தவரை உள்ளே வைத்து, அதை ஏற்றுத் திருப்பிவிட்டவரை வெளியே நிறுத்துவது, ஜோடியாக நிகழ்ந்த ஒரு கலையைப் பாதியில் அறுத்து வைப்பதாகும். 2019 டிசம்பரில் அத்தகைய குழுவொன்று விட்டேகரின் பெயரை எடுத்துக்கொண்டபோது, வேண்டிய வாக்குகள் பன்னிரண்டு, கிடைத்தவை ஆறு. அவர் பெயர் மறுபடி அக்குழுவின் முன் வரும் நாளில், அதில் அமர்பவர்கள் எண்களைப் புரட்டுவதற்கு முன் அந்த டபுள் பிளேயை ஒரு முறை கண்ணாரப் பார்த்துவிட்டு வாக்களிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.