விலையிறக்கம் குறிக்கும் ஆங்கில வினைகள்: பொருள் நுண்மையும் பெயர்ப்புச் சிக்கலும்

விலை இறங்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஃபால், டிராப், டிப், ஸ்லிப், ஸ்லைடு, ஈஸ், டம்பிள், பிளஞ்ச், பிளம்மெட் எனப் பல வினைகள் வழங்குகின்றன. நம் வணிகச் செய்திப் பெயர்ப்புகளிலோ இவை பெரும்பாலும் 'வீழ்ச்சியடைந்தது', 'சரிந்தது' என்னும் இரண்டனுள் அடங்கிவிடுகின்றன. பெத் லெவின் 1993இல் வெளியிட்ட வினை வகைப்பாட்டிலும் ஃபால், டிராப், டம்பிள், பிளஞ்ச், பிளம்மெட் ஆகியன அளவிடத்தக்க மாற்றம் குறிக்கும் ஒரே வகையினவே. தொடரமைப்பு நோக்கில் இது பொருத்தமே. பெயர்ப்பாளர்க்கு இவ்வகைப்பாடு போதாது.

டிப் என்பதில் மீட்சிக்கான எதிர்பார்ப்பு உண்டு, ஸ்லிப் சிற்றிறக்கம், ஸ்லைடு கால நீட்சியுடையது. ஈஸ் என்பதோ முன்னிருந்த இறுக்கம் தளர்வதைச் சுட்டும். விலை ஏற்கெனவே மிகுந்திருந்தது என்னும் முற்கோள் அதில் உள்ளது. தமிழில் 'தணிதல்' இதற்கு நன்கு பொருந்தும். தீயும் சினமும் காய்ச்சலும் ஓங்கிய பின்னரே தணிகின்றன. ஏனோ இச்சொல்லை நம் பெயர்ப்பாளர் அரிதாகவே நாடுகின்றனர்.

பிளஞ்ச், பிளம்மெட் இரண்டும் ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி வந்தவை. எனினும் பிளஞ்ச் ஒருவர் தாமே விரும்பிப் பாய்வதற்கும் ஆகும். பிளம்மெட் அவ்வாறு ஆகாது, தடையற்ற வீழ்வையே உணர்த்தும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 508 புள்ளிகள், அதாவது 22.6 விழுக்காடு, இழந்தது. இதனைச் 'சரிந்தது' என்று மட்டும் எழுதினால் விரைவு புலப்படுவதில்லை. மண்சரிவில் விரைவு உண்டு, மலைச்சரிவில் இல்லை. ஆங்கிலம் வினைக்குள் பொதிந்து வைக்கும் தன்மையைத் தமிழ் அடைமொழியால் உணர்த்துகிறது. 'மளமளவென' என்பது தொடர்ந்து நிகழ்வதற்கு ஏற்றது. ஒருநாள் வீழ்ச்சிக்கு 'ஒரேயடியாக' என்பதே தகும். அடையை விடுப்பது சுருக்கமன்று, பொருளிழப்பு.

இதனினும் கடுமையான பிழை ஒன்றுண்டு. 'குறைந்தது', 'குறைத்தது' எனத் தன்வினை பிறவினை வேறுபாட்டைத் தமிழ் வடிவிலேயே காட்டும். ஆயினும் ஃபால் என்பதைக் 'குறைக்கப்பட்டது' எனப் பெயர்ப்போர் உளர். ஸ்லாஷ் என்னும் வினைக்கே அது பொருந்தும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர விலை, பீப்பாய்க்குச் சுழியத்துக்கும் கீழே 37.63 டாலர் என முடிந்தது. அங்கே 'குறைக்கப்பட்டது' என எழுதினால், சந்தையில் தானே நிகழ்ந்த வீழ்ச்சிக்கு இல்லாத ஒரு வினைமுதலைப் படைத்தவராவோம்.