ஆசிரியர் சங்கங்களின் தேர்தல் கணக்கு

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாட்டின் ஜெயலலிதா தலைமையிலான அதிமுக அரசு, டெஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ கிடையாது, தார்மீக உரிமைகூடக் கிடையாது என்றது. பெரும்பாலானோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக அணி ஓர் இடம்கூட வெல்லாமல் போனதும், அதே ஜெயலலிதா அரசு ஒழுங்கு நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்தில் கிடைக்காதது வாக்குப்பெட்டியில் கிடைத்தது.

சங்கங்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டன. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் 2019 ஜனவரி வேலைநிறுத்தம் ஒன்பதே நாளில் முடிந்தது. கைதும் ஒழுங்கு விதி 17(ஆ)வின் கீழான குற்றக் குறிப்பாணையும் இடமாறுதலும்தான் மிச்சம். அந்த வழக்குகளையும் பழனிசாமி அரசு 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நின்றுகொண்டுதான் கைவிட்டது. பழைய ஓய்வூதியத் திட்டத்தை மீட்போம் என்ற திமுகவின் 2021 வாக்குறுதியும் அப்படியே. ஆட்சியின் கடைசி மாதங்களில், 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டமாக அது உருமாறி வந்தது. ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடர்கிறது. கேட்டது அதுவல்ல, ஆனாலும் சங்கங்கள் அறிவித்திருந்த வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது.

இதைச் சரணாகதி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு நிச்சயமான ஓய்வூதியம் என்ற ஒன்றே இல்லாதிருந்தது. சங்கம் இல்லாவிட்டால் இந்தப் பாதியும் வந்திருக்காது.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தேர்தல் பேரத்தில் தலை எண்ணிக்கைதான் செல்லுபடியாகும். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாக இருந்தது. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வகுப்பறை. இந்த முரண்பாடு எல்லாக் கோரிக்கைப் பட்டியலிலும் உண்டு. ஆனாலும் பாதிக்கப்பட்டவர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் தனியாகத்தான் உண்ணாவிரதம் கிடந்தார்கள். அவர்களுக்கும் கீழே, 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியமும் உடற்கல்வியும் தையலும் கற்பிக்கும் இவர்களுக்கு ஊதியம் 12,500 ஆக உயரவே பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஓய்வூதியப் பேச்சுவார்த்தை மேசையில் இவர்களுக்கு நாற்காலி ஏது? ஓய்வூதியம் என்ற பேச்சே இவர்களுக்கு இல்லையே!

பள்ளியைப் பற்றியும் சங்கங்களின் குரல் மெலிந்துவிட்டது. பணியில் இருப்பவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சங்கமும் அரசும் ஒரே பக்கம் நின்று மறுசீராய்வு கேட்டன. வேலையைக் காக்க அது நியாயமே. ஆசிரியரின் தகுதியை வேறு எப்படி அளக்கலாம் என்று சங்கங்கள் தாமாக ஒரு மாற்றை முன்வைத்திருந்தால், பெற்றோரும் அவர்களோடு நின்றிருப்பார்கள்.

அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி பகுதிநேர ஆசிரியர்களின் பணி நிரந்தரமாக இருக்கட்டும். அதற்காக நிரந்தர ஆசிரியர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழக்கத் தயாரா என்பதை ஜாக்டோ-ஜியோ தலைவர்கள்தான் சொல்ல வேண்டும்.