நூலிட்டுச் செதுக்கிய கணிதம்

மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் நூலிடுவான். மனத்தின் கோணலைத் தீர்ப்பதும் நூலே என்பது நன்னூலார் காட்டும் உவமை. அளக்கும் கயிற்றையும் கற்பிக்கும் ஏட்டையும் ஒரே சொல்லால் வழங்குவது தமிழ். அவ்விரு நூலையும் ஒருங்கே கையாண்டவர் அமெரிக்கச் சிற்பி ஹெலமன் பெர்குசன். அவர் படைப்புகளை மதிப்பிட இவ்வுவமையே ஏற்ற அளவுகோலாகும்.

1940இல் பிறந்த அவர், இளமையிலேயே தாயை இடிக்குப் பறிகொடுத்து, கல்தச்சர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தார். கல்லின் இயல்பை அறிந்தது அங்கேதான். பின்னர்க் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 17 ஆண்டுகள் கற்பித்தார்.

அவர் கல் செதுக்கும் முறை நுணுகி நோக்குதற்குரியது. ஆறு கம்பிவடங்கள் கருவியின் முனையோடு பிணைந்திருக்கும். அவற்றின் நீளத்தைக் கணினி இடையறாது அளந்து, சமன்பாடு குறிக்கும் பரப்பை அடைய அவ்விடத்தில் இன்னும் எவ்வளவு கல்லை அகற்ற வேண்டும் எனக் கூறும். அகற்றுவதோ சிற்பியின் கை. கணினி இங்கே உளியன்று; தச்சன் பிடித்த நூலே ஆறாகப் பெருகி நிற்கிறது. கணினி வந்தால் கைத்திறன் அழியும் என அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெர்க்லி நகரின் கணித ஆய்வு நிலையத்தில் 1993இல் நிறுவப்பெற்ற ‘எண்மடிப் பாதை’ அவருடைய தலைசிறந்த படைப்பு எனலாம். வெண்பளிங்கால் ஆகிய அவ்வளைபரப்பில் எழுபக்க வடிவங்கள் 24 உள்ளன. எந்த ஓரத்தில் தொடங்கினாலும், ஒவ்வொரு சந்தியிலும் இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பிச் செல்லும் விரல், எட்டாம் ஓரத்தின் முடிவில் புறப்பட்ட இடத்தையே அடையும். பெயர்க் காரணம் அதுவே. கரும்பலகையில் பல நாள் விளக்க வேண்டியதை விரல் சில நொடிகளில் கற்றுக்கொள்கிறது. சிற்பம் ஆசிரியனாவது இவ்விடத்தில்தான்.

எல்லாப் படைப்புகளுக்கும் இச்சிறப்பைக் கூற இயலாது. முப்பட்டைத் தண்டொன்றை வளைத்து, மூன்றில் ஒரு சுற்று முறுக்கி முனைகளை இணைத்தாற்போன்ற வெண்கல வளையம் ஒன்றை 1988இல் அவர் படைத்தார். அது ஏறத்தாழ 27 அங்குல அளவினது. அதே வடிவை 2012இல், நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 24 அடி விட்டத்தில் எழுப்பினார். அதற்குரிய மணற்கல் அச்சுகளைக் குடைந்தது எந்திரக் கை. அண்ணாந்து பார்ப்போர் வியப்பர். ஆயின், ஓரத்தைத் தொட்டுச் சுற்றிவர எவர் கைக்கும் எட்டாது. பீடத்தில் பொறித்த சமன்பாடுகளும் அக்குறையை நிரப்பவில்லை. கற்பிக்கும் ஆற்றலில் சிறியதே பெரியது.

துணைவியார் கிளேர் பெர்குசன் 1994இல் அவர் படைப்புகளைப் பற்றி நூல் எழுதினார். 2010இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் இருவரும் கட்டுரை வரைந்தனர். சிற்பத்தைத் தொட வாய்ப்பில்லாதார்க்கு அவ்வெழுத்தே வாயில்.

மற்றொரு வாயிலும் உண்டு. அதற்குக் கணினியும் வேண்டா. களிமண்ணால் முப்பட்டைத் தண்டொன்று செய்து, மேற்கூறியவாறு முறுக்கி ஒட்டி, மாணவனிடம் கொடுத்தால் போதும். ஓரங்கள் மூன்று என்றே அவன் முதலில் கூறுவான். ஓர் ஓரத்தில் விரல் வைத்து மூன்று முறை சுற்றி வந்தபின், ஒன்றே எனத் தானே திருத்திக்கொள்வான்.