எண்ணிக்கைக்குள் அடங்காத ஆய்வாளர்

ஓர் ஆய்வாளரின் தகுதியைக் கட்டுரைகளின் எண்ணிக்கையாலும், அவை மேற்கோள் காட்டப்பட்ட தடவைகளாலும் அளக்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. அவ்வளவுகோல் எத்துணைக் குறையுடையது என்பதற்குக் கணினி மொழியியல் அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் (1935–2007) ஒருவரே போதிய சான்று.

ஒருபொருட் பன்மொழிகளை வகைப்படுத்துவது பற்றி 1964இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு நூலாக அச்சேறியது 1986இல். இடையில் 22 ஆண்டுகள்!

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1972ஆம் ஆண்டுக் கட்டுரை. அதன் கருத்து எளியது. 1000 ஆவணங்களுள் ‘அரசு’ என்னும் சொல் 900இல் வருமாயின், அதைக் கொண்டு தேடுபவருக்குப் பயன் சொற்பமே. ‘முத்துக்குளிப்பு’ மூன்றில் மட்டும் வருமாயின், அம்மூன்றுமே அவர் நாடியவையாக இருக்கக்கூடும். ஆகவே அருகி வரும் சொல்லுக்கு மடக்கைக் கணக்கின்படி எடை கூட்ட வேண்டும் என்றார். தேடுபொறிகள் பலவும் பின்னாளில் இதனை ஏற்றன.

எனினும் ஒரு மயக்கம் களையப்பட வேண்டும். ஓர் ஆவணத்துக்குள் சொல் எத்தனை முறை வருகிறது என்பதை இவ்வெடையுடன் பெருக்கும் முறை முழுவதையும் அவருக்கே உரியதாக்கி எழுதுவோர் உளர். சொல் வருகையை எண்ணும் வழியை ஹான்ஸ் பீட்டர் லூன் 1957இலேயே எடுத்துரைத்துவிட்டார். இரண்டையும் இணைத்து வளர்த்தவர்கள் ஜெரார்ட் சால்ட்டன் குழுவினர். மேலும், 1972 கட்டுரை சோதனைச் சான்று தந்ததேயன்றி உறுதியான கோட்பாட்டு அடிப்படை தரவில்லை. அதற்கு வழிவகுத்தது 1976இல் ஸ்டீபன் ராபர்ட்சனுடன் அவர் எழுதிய நிகழ்தகவுக் கட்டுரை. அவருடைய ஆக்கங்களுள் கனதி மிக்கது அதுவே என்பது நம் கருத்து. பரவலாகப் பேசப்படுவதென்னவோ முன்னதுதான்.

இத்தகையவர் நெடுங்காலம் தற்காலிக ஒப்பந்தங்களிலேயே பணியாற்றினார். கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக்கியது 1999இல். ஓய்வு பெற்றது 2002இல்.