வாய் மாறிய பாட்டு

கடற்கரை மணலில் ஓர் இளைஞன் தனியே குந்தியிருக்கிறான். சாம்பல் நிறக் கடல். முகத்தைத் திருப்பி நம்மைப் பார்த்து, ஏறக்குறைய வெறும் குரலில் பாடத் தொடங்குகிறான். கொஞ்ச நேரத்தில் அலை எழும்புகிறது. அந்த அலைக்குள்ளே பத்திரிகைத் தாள்களும் கலகக் காட்சிகளும் புரண்டு வருகின்றன. ஜூலி டேமோர் இயக்கிய 'அக்ராஸ் த யூனிவர்ஸ்' (2007) இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அலை எதையெல்லாம் சுமந்துகொண்டு வரும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் அறுகம்பே உல்லையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முதல் இரண்டு நிமிடத்திலேயே நான் படத்துக்குள் போய்விட்டேன்.

யுத்தம் முடிந்த அடுத்த சீசனில், மச்சானுடைய கெஸ்ட் ஹவுஸில் அலைச்சறுக்க வந்த ஒருவர் விட்டுப்போன இறுவட்டு அது. படம் முழுக்கப் பீற்றில்ஸ் பாட்டுகள்தான்; அவை அறுகம்பேக்குப் புதியவையல்ல. மே தொடக்கம் ஒக்டோபர் வரை, பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிற்றாரைத் தூக்கும் வெள்ளைக்காரர் எவருக்கும் அவற்றில் நாலாவது தெரிந்திருக்கும். சொல் விளங்காத வயதிலேயே மெட்டு எங்களுக்கு மனப்பாடம். ஆகவே பாட்டுகளைப் புதிதாகக் கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

'ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' வந்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. 1963 கடைசியில் வெளியாகி, 1964 பெப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறிய பாட்டு அது. அசல் பதிவில் கைதட்டும் துள்ளலுமாக நாலு பொடியன்மாரின் உற்சாகம் மட்டுமே இருக்கும். படத்தில் அதைப் பாடுபவள் புரூடன்ஸ் என்ற பெண்பிள்ளை. நடித்துப் பாடியவர் டி. வி. கார்ப்பியோ. ஒஹையோவில் ஒரு பாடசாலை மைதானம். விளையாட்டு அணியை உற்சாகப்படுத்த ஆடும் பெண்களில் ஒருத்தி அவள். அவள் பார்வை போய் விழுவது இன்னொரு ஆட்டக்காரி மீது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அதை வாய்விட்டுச் சொல்ல வழியே இல்லை. மெட்டு அதேதான், சொல்லும் அதேதான். வேகத்தை மட்டும் நன்றாக இறக்கிவிட்டார்கள். அவள் மைதானத்தைக் கடந்து நடக்கிறாள். சுற்றிலும் தடியன்மார் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து மெதுமெதுவாக விழுகிறார்கள். கையைப் பிடிக்கும் ஆசை என்ற சின்ன விடயம், பிடிக்கவே முடியாத கை என்றாகிவிடுகிறது. நாற்பது வருடப் பழைய பாட்டுக்குள் இவ்வளவு ஏக்கம் ஒளிந்து கிடந்ததா என்று ஒரு தரம் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

எங்கட மூத்தம்மாதான் அப்போது ஞாபகத்துக்கு வந்தா. மூத்தவாப்பா பொத்துவில் வட்டையில் யானைக் காவலுக்குப் பரணில் இருந்தபோது பாடிய கவி ஒன்று. மச்சியைக் கூப்பிடும் ஆண்பிள்ளையின் கவி. குறும்பும் கெஞ்சலும் உள்ளது. பக்கத்துப் பரணுக்குக் கேட்க வேண்டுமென்று நெஞ்சைத் திறந்து பாடுவாராம். அவர் மௌத்தான பிறகு, இத்தாவில் உள்ளறையில் இருந்த மூத்தம்மா அதே கவியை முணுமுணுத்தா. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆண் கூப்பிடும் சொல்லைக் கூப்பிடப்பட்டவளே சொல்கிறா. கூப்பிட்ட ஆள் இல்லை. உம்மா கதவடியில் நின்று கேட்டா, தடுக்கவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் இந்தக் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தேடிப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். அச்சில் சொல் நிற்கிறது, அது பெரிய காரியம். ஆனால் எந்த வாய், எந்த நேரம் என்பதில்தான் கவியின் பாதி இருக்கிறது.

தமிழில் நமக்கு அதிகம் பழக்கமானது இதற்கு நேர் எதிரான வேலை. பழைய கீர்த்தனைப் புத்தகங்களில், இஸ்லாமியப் பாடல் நூல்களிலும்தான், பாட்டுக்கு மேலே இன்ன வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். மெட்டு இரவல், சொல் சொந்தம். டேமோர் செய்திருப்பது சொல்லையும் மெட்டையும் தொடாமல், பாடுகிற ஆளையும் கேட்கிற ஆளையும் மாற்றி வைப்பது. இதற்குத் தமிழ்ச் சினிமாவில் உறவு தேடினால் பாரதியிடம் போக வேண்டும். பி. ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) முழுக்கப் பாரதியின் பாட்டுகள், இசை ஜி. ராமநாதன். கண்ணம்மாவை நினைத்து ஓர் ஆண் உருகும் காதல் பாட்டை அதில் பி. பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பங்கு போட்டுப் பாடுகிறார்கள். திரையில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும். பாரதி ஒரு நெஞ்சுக்குள் எழுதியது இரண்டு நெஞ்சுக்கு நடுவே போய் நிற்கிறது. பிறகு 1982இல் ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்'. எல். வைத்தியநாதன் இசையில், தொழிற்சாலை மாசுபடுத்தும் ஒரு கிராமத்தின் கதைக்குள், 1921இல் இறந்துபோன கவிஞனின் பாட்டுகள் வந்து இறங்குகின்றன. ரகுவரன் கதாநாயகனாக வந்த முதல் படம். ரொக் இசை என்ற பேச்சே இல்லாமல் நம்மவர்கள் இந்த வித்தையைத் தொட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்த வித்தை எல்லோருக்கும் கைவரவில்லை. 1978இல் பீ ஜீஸ் குழுவையும் பீட்டர் ஃப்ராம்ப்டனையும் வைத்துப் பீற்றில்ஸ் பாட்டுகளாலேயே கோத்த 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்' என்ற படம் வந்தது. பீ ஜீஸ் அப்போது புகழின் உச்சியில் இருந்தவர்கள், குரல்களும் நல்ல குரல்கள். ஆனாலும் படம் விழுந்தது. பார்த்தால் காரணம் தெரியும்: அந்தப் பாட்டைப் பாடியே ஆக வேண்டிய கட்டாயம் கதைக்குள் ஒருவருக்கும் இல்லை. 'அக்ராஸ் த யூனிவர்ஸ்' படத்தில் பெரும்பாலான பாட்டுகளை நடிகர்களே கமராவுக்கு முன்னால் நின்று பாடினார்கள். பின்னணிப் பாடகரின் பட்டுக் குரலிலேயே வளர்ந்த நமது காதுக்கு முதலில் அது கரடுமுரடாகப் படலாம். மூச்சு வாங்குவது கேட்கிறது, ஒரு சுரம் தளும்புகிறது. எனக்கு அந்தத் தளும்பல்தான் வேண்டும். இசையமைப்பாளர் எலியட் கோல்டந்தாலும் அதை மூடி மறைக்கவில்லை. பல இடங்களில் வாத்தியங்களைத் தள்ளி நிற்க வைத்துக் குரலைத் தனியே விடுகிறார்.

'ஐ வாண்ட் யூ' 1969ஆம் ஆண்டின் பாட்டு. ஜோன் லெனன் யோக்கோ மீதான மோகத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய எட்டு நிமிடம் பாடியது. டேமோர் அந்தச் சொற்களை இராணுவத்திடம் கொடுத்துவிட்டார். வியட்நாம் போருக்கு ஆள் பிடிக்கும் சுவரொட்டியிலிருந்து அங்கிள் சாம் கையை நீட்டிப் பாடுகிறார்: நீ எனக்கு வேண்டும். ஒரே அச்சில் வார்த்த சதுர முகங்களோடு சார்ஜண்டுகள் பொடியன்மாரைத் திருப்புகிறார்கள், அளக்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள். பாட்டின் இரண்டாம் பகுதியில், அவள் பாரமாக இருக்கிறாள் என்ற புலம்பல் வரும்போது, உள்ளாடையோடு நிற்கும் அதே பொடியன்மார் சுதந்திர தேவி சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலுக்குக் கீழே பொம்மை அளவாகச் சிறுத்த காட்டை மிதித்துப் போகிறார்கள். முப்பது வருடம் எல்லாப் பக்கமும் ஆள் பிடித்த ஒரு நாட்டில் இருந்து இதைப் பார்ப்பவனுக்கு, 'வேண்டும்' என்ற சொல் காதலிலிருந்து வந்ததென்றே மறந்துபோகும்.

படம் முழுக்க இந்த உயரத்தில் நிற்கவில்லை. நடுவில் வரும் சர்க்கஸ் கூடாரமும் வண்ணப் பேருந்தும் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அங்கே யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. ஜூட், லூசி, சாடி, ஜோஜோ என்று ஆட்களின் பெயரெல்லாம் பாட்டிலிருந்தே எடுத்தது எனக்குத் திகட்டியது. ஆனால் வெள்ளைச் சீலையில் வரிசையாகக் குத்திய ஸ்ட்ராபெரிப் பழங்களிலிருந்து சிவப்பு வழிந்து, அதே பழங்கள் குண்டாக வானிலிருந்து விழும் இடம் வந்ததும் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒலிப்பது, லிவர்பூலில் ஒரு சிறுவர் இல்லத்தின் பெயரில் லெனன் எழுதிய குழந்தைப்பருவப் பாட்டு.

'லெட் இட் பி' பாட்டைத்தான் கடைசிக்கு வைத்தேன். போல் மக்கார்ட்னிக்குப் பதினாலு வயதில் தாய் மௌத்தாகிவிட்டார், பெயர் மேரி. பல வருடம் கழித்து அந்தத் தாய் மகனுடைய கனவில் வந்ததிலிருந்து பிறந்த பாட்டு. படத்தில் அது 1967ஆம் ஆண்டு டெட்ராயிட் கலவரத்துக்குப் போகிறது. 43 பேர் செத்த கலவரம். எரிந்த காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கறுப்பினச் சிறுவன் தொடங்குகிறான். தெருவில் துப்பாக்கிகள், வண்டிகள். அடுத்த காட்சியில் அவன் பெட்டிக்குள் கிடக்கிறான். தேவாலயத்தில் கேரல் வுட்ஸ் என்ற பெண்மணி அவன் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுக்கிறார், பின்னால் கூட்டம் முழுவதும் சேர்ந்துகொள்கிறது. அதே நேரத்தில் இன்னோர் ஊரில் வியட்நாமில் இறந்த ஒரு வெள்ளைக்காரப் பொடியனை அடக்குகிறார்கள். மகனைத் தேற்றத் தாய் கனவில் வந்த பாட்டு, மகனை அனுப்பிவைக்கும் தாய்மாரின் பாட்டாகிவிட்டது.

எங்கள் ஜனாஸாவில் பாட்டு இல்லை. கலிமாவைச் சொல்லிக்கொண்டு தோள் மாற்றித் தோள் சந்தூக்கைக் கொண்டுபோவோம், அவ்வளவுதான். அதனால் தேவாலயம் அதிரப் பாடும் அந்தக் கூட்டம் முதல் தடவை எனக்குத் தூரத்தில்தான் நின்றது. அதற்கு முந்திய சில விநாடிகள் அப்படியல்ல. காருக்குப் பின்னால், துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், பயத்தில் மெதுவாகப் பாடும் பிள்ளையின் குரல். நான் நிறுத்திப் பின்னால் ஓட்டினேன். பக்கத்தில் இருந்த மச்சான், ஒலியைக் கூட்டச் சொன்னான்.